காலி சீட்டின் மணி

பிரபாகரின் காரில் டிரைவருக்குப் பக்கத்துக் காலி சீட் மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்தது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம், இடுப்பு வலிக்காரர் ஒருவர் மெல்லப் புரண்டு உட்காருவதைப் போல உறைக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு கிறீச், அதைத் தொடர்ந்து விபூதியும் தைலமும் கலந்த வாடை. அப்பா தண்டாயுதபாணி அதே சீட்டில் உயிரை விட்டு நாற்பது நாள் ஆகிறது. வாடை இத்தனை நாள் தங்குமா என்று யாரிடமும் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

ராசிபுரத்தில் சீட் வேலை பார்க்கும் அன்பழகன் கதவைத் திறந்து குனிந்தார்.

“ஏனுங்க, காலி சீட்டுக்கு எதுக்குங்க பெல்ட்டு மாட்டி வெச்சிருக்கீங்க?”

“மாட்டலீன்னா மணி அடிக்குதுங்க. ஆள் உக்காந்திருக்கற மாதிரி காட்டுது.”

“சென்சார் போயிருக்கும். சத்தம் ஆள் இருந்தா வருதுங்களா, இல்லாமயா?”

“இல்லாமத்தானுங்க.”

அவர் சீட்டைப் பிடித்து உலுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து வண்டியை ஓட்டச் சொன்னார். ஆண்டகலூர் கேட் வரை போய்த் திரும்புவதற்குள் மூன்று முறை அந்தச் சத்தம் கேட்டது. வரும் வழியெல்லாம் அந்தச் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“வெறும் சீட்டு கடகடன்னு ஆடுமுங்க,” என்றார் இறங்கியதும். “இது பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கற சத்தம்.”

“என்னங்க பண்றது?”

“கழட்டி வெச்சுட்டுப் போங்க. காலையில பிரிச்சுப் பாக்கறேன்.”

நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, அடியில் ஓடிய ஒயரைப் பிடுங்கி, சீட்டைத் தூக்கிக் கடை வாசலில் வைத்தார். அதன் நடுவில் ஆழமான ஒரு குழி இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெல்ல மேலெழும்பிச் சமமானது. இப்போதுதான் ஆள் எழுந்து போன சீட் அப்படித்தான் எழும்பும். அன்பழகன் கடைக்குள் போய்விட்டார்.

ஆட்டையாம்பட்டியில் வீடு. பொழுது சாய, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே வண்டி அமைதியாக ஓடியது. பக்கத்தில் வெறும் தகரத் தரை, நான்கு ஓட்டைகள். பிரபாகருக்கு நிம்மதியாக இருந்தது; நிம்மதிப்படுகிறோமே என்று கூசியது. மனைவி வித்யாவிடம்கூட அவன் சொல்லாத ஒன்று இருந்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அப்பா அவன் கையைத் தொட்டுக் கேட்டார்.

“பெல்ட்ட அவுத்து உடு சாமி. நெஞ்ச அடைக்குது.”

“அவுத்தா மணி அடிக்குமுங்கப்பா. இதா, வந்தாச்சு.”

மணிச் சத்தம் அவனுக்கு எரிச்சல். அவ்வளவுதான் காரணம். போய்ச் சேர்ந்தபோது அப்பா அந்தப் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பெற்ற மகன் செய்கிற காரியமா அது?

வேகத்தடை வந்தது. ஏறியது. இறங்கியது.

கிறீச்.

அவனுக்கு அடியில்.

அவன் உட்கார்ந்திருந்த சீட் இன்னும் இரண்டு விரற்கடை கீழே அமுங்கியது. மடி கனத்தது. தைல வாடை மூக்குக்கு நேரே வந்தது. வண்டியை ஓரங்கட்டினான்.

டிங்.

இல்லாத சீட்டுக்கு மணி.

டிங். டிங்.

நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் இறுகியது. மூச்சு விட்டான், விட்ட மூச்சின் அளவுக்கு மறுபடி இறுகியது. சிவப்புப் பொத்தானைத் தேடி இடது கையை இறக்கினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த நகங்கள். சில்லிட்ட கை.

“அவுத்து உடுங்கப்பா,” என்றான். பாதிக் குரல்தான் வந்தது.

காதோரம், பொறுமையாக, பாசமாக:

“அவுத்தா மணி அடிக்கும் சாமி. இதா, வந்தாச்சு.”

அந்த விரல்கள் பொத்தானை அழுத்தாமல், மூடிக்கொண்டு, அப்படியே இருந்தன.