இடது கைப் பின்னல்

மலையடிவாரத்து முந்தலில் தண்ணீர் ஊற்ற ஜீப்பை நிறுத்தியபோதுதான் சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்தான். ரேடியேட்டர் மூடியில் மெல்லிய கம்பி ஒன்று கட்டியிருந்தது. மூடி கழன்று விடாதபடி அதன் காதில் கோத்து, இரண்டு இழையாக்கி, சடை பின்னுவதுபோல நெருக்கமாக முறுக்கி, கையைக் கிழிக்காமல் நுனியையும் உள்ளே மடக்கி விட்டிருந்தது. ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற ஓட்டை ஜீப்புக்கு எதற்கு இந்த வேலைப்பாடு? இது ஏரோப்ளேன் இன்ஜினில் நட்டு கழலாமலிருக்கக் கட்டுகிற பூட்டுக் கம்பி.

"சோலை, இத யாரு கட்டுனா?"

"தெரியலண்ணே," என்றான் டிரைவர் சோலை. "நேத்துக் காலையில பாக்குறேன், கெடக்கு. அத்து எறிஞ்சேன். இன்னைக்கும் கெடக்கு. எவனோ சோலியத்த பய பாக்குற வேல."

சௌந்தரபாண்டியன் குனிந்து பார்த்தான். பின்னல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. மீனம்பாக்கம் ஹாங்கரில் நாற்பது பேர் கம்பி முறுக்குகிறார்கள். முப்பத்தொன்பது பேருடைய பின்னலும் ஒரே பக்கம் போகும். ஒருவனுடையது மட்டும் மாறிப் போகும், அவன் இடது கைக்காரன். அவனைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகிறது.

விழுந்த விமானத்திலிருந்து கம்பியை உருவி வந்து எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஜீப்பு முதல் கொண்டை ஊசி வளைவில் முனகித் திரும்பியது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. மதராஸிலிருந்து கொச்சிக்குப் போன கம்பெனி விமானம் போடிமெட்டுக்கு மேற்கே ஏலக்காட்டுச் சரிவில் விழுந்து பதினேழு பேர் போய்விட்டார்கள். நாளைக் காலையில் சர்க்கார் என்கொயரி ஆட்கள் வருகிறார்கள். முன்னாலேயே போய் இன்ஜின் நம்பரைச் சரிபார்த்து, அவர்கள் வரும்வரை யாரும் தொடாமல் காவல் இருக்கச் சொல்லிக் கம்பெனி சௌந்தரபாண்டியனை அனுப்பியிருந்தது. "உன் ஊர்தானேப்பா," என்றார் சீஃப் என்ஜினியர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இடது இன்ஜின் பேப்பரில் இரண்டு கையெழுத்து இருக்கு. வேலை பார்த்தவன் தங்கபாண்டி. சரிபார்த்தவன் நீ. ஞாபகம் வச்சுக்கோ," என்றார்.

ஞாபகம் இல்லாமல் என்ன. தங்கபாண்டியனும் சௌந்தரபாண்டியனும் போடிக் கடைத்தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் பிள்ளைகள். ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போய், அங்கிருந்து மதராஸுக்கு ரயிலேறி, ஒரே நாளில் கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் எல்லாமே தங்கபாண்டியனுக்குத்தான். லைசென்ஸ் பரீட்சை அவனுக்கு முதல் தடவையே பாஸ், இவனுக்கு மூன்று தடவையும் பெயில். சீஃப் தோளில் தட்டுவது அவனை. புஷ்பலதா இவனுடைய சொந்த மாமன் மகள், சின்ன வயசிலிருந்து இவனுக்கென்று பேசி வைத்தவள். அவளையும் "லைசென்ஸ் மாப்பிள்ளை" என்று அவனுக்கே கொடுத்துவிட்டார் மாமா. அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் இவன். மாப்பிள்ளை இலையில் சாம்பார் ஊற்றியது இன்னும் மறக்கவில்லை.

ஒருவன் பார்த்த வேலையை இன்னொருவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆனால் இவர்கள் இருவருக்குள் அப்படி இல்லை. ஊர்க்காரன் செய்த வேலையில் டார்ச் அடித்துப் பார்ப்பது அவன் முகத்தில் துப்புவது மாதிரி. பார்க்காமலே போட்டுவிடுவார்கள். அப்படித்தான் தங்கபாண்டியன் நினைத்துக்கொண்டிருந்தான். சௌந்தரபாண்டியன் மட்டும் ஒவ்வொரு தடவையும், அவன் அந்தப் பக்கம் போனதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பான். ஒரே ஒரு தப்பு கிடைக்காதா என்று ஆறு வருஷம் பார்த்தான்.

அன்றைக்குக் கிடைத்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று போடியிலிருந்து தந்தி வந்து, தங்கபாண்டியன் குறடைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினான். மிட்டாய் வாங்கி எல்லார் வாயிலும் திணித்தான். கொச்சியில் நின்றுபோன இன்னொரு விமானத்தைப் பார்க்க அதே விமானத்தில் அவனையும் போகச் சொன்னதும் இன்ஜின் மூடியை அவசரமாகப் பூட்டிவிட்டான். அவன் நகர்ந்ததும் இவன் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்; எண்ணெய்க் குழாயின் நட்டில் கம்பி இல்லை. மொட்டையாக இருந்தது. சௌந்தரபாண்டியனுக்கு வாயிலிருந்த மிட்டாய் அப்போதுதான் இனித்தது.

கிளம்புமுன் இன்ஜினை முறுக்கிப் பார்ப்பார்கள், அப்போதே எண்ணெய் கக்கும், சீஃப் ஓடி வருவார், நாற்பது பேர் பார்க்க லைசென்ஸ் மாப்பிள்ளையின் மூக்கு உடையும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது. கையெழுத்துப் போட்டான். இன்ஜின் எண்ணெய் கக்கவில்லை. ஏணியில் ஏறிக்கொண்டே தங்கபாண்டியன், "வர்றேன் மாப்ளே!" என்று இடது கையை ஆட்டினான். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நட்டு மலை வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்துதான் கழன்றிருக்கிறது.

இப்போது அந்த மொட்டை நட்டு நாளைக்கு அதிகாரிகள் கண்ணில் படும். அதற்கும் பதில் வைத்திருந்தான். நான் பார்த்தபோது கம்பி இருந்தது சார், அப்புறம் அவன் மறுபடி திறந்தான் சார். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா?

எஸ்டேட்டில் இறங்கும்போது மணி மூன்றுதான். ஆனால் மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஏலச்செடி கூடத் தெரியவில்லை. காவல்காரர் மொக்கச்சாமி தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க சாரே. இன்ஜினு ஓடையில கெடந்தா மழை உருட்டிரும்னு முப்பது பேர் கம்பு குடுத்துத் தூக்கிட்டு வந்தோம். காய் உலர்த்துற ஸ்டோர்லதான் வச்சிருக்கு." சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

"ஏன், உள்ள வரலையா?"

"பொம்பளையாளுக அஞ்சு நாளா ஸ்டோருக்குள்ள கால் வைக்க மாட்டேங்கறாளுக. காய்த்தட்டு, சன்னல் கொக்கி, அடுப்புக் கதவு, எல்லாத்துலயும் கம்பி கட்டிக் கெடக்கு. எது கழலுற மாதிரி இருக்கோ அதுல பூராம். அத்துப் போட்டுத் திரும்புறதுக்குள்ள மறுபடி கெடக்கு சாரே. ஆளையே காணோம்." மொக்கச்சாமி சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என் கோவணக் கொடியில கெடந்துச்சுன்னா நம்புவீகளா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். மொக்கச்சாமி மஞ்சுக்குள் திரும்பி நடந்தார். சௌந்தரபாண்டியன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அடுப்பு அணைந்து நாளானாலும் அறை வெதுவெதுப்பாக இருந்தது. சுவரோடு ஓடிய இரும்புக் குழாய்களும், அடுக்கு அடுக்காகக் காய்த்தட்டுகளும், மேலே ஒரு சிறு சன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சமும், தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொள்கிற ஏலக்காய் வாசமும், அதற்கு அடியில், ஊர்ந்து வருவதுபோல, எரிந்த எண்ணெய் வாசமுமாக அந்த அறை அவனைச் சுற்றிக்கொண்டது. நடுவில் மூன்று கட்டைமேல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. விசிறியின் றெக்கை மூன்றில் ஒன்று முறிந்து, மற்ற இரண்டும் காய்ந்த வாழையிலைபோல் சுருண்டிருந்தன.

நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். பிறகு முழங்காலிட்டு, டார்ச்சை எண்ணெய்க் குழாயின் பக்கம் அடித்தான்.

நட்டு இறுகி இருந்தது. அதில் கம்பி கட்டியிருந்தது. கரியும் துருவும் பிடித்த அந்த இன்ஜினில் அது ஒன்றுதான் புதுசாக மின்னியது. இரண்டு இழை, நெருக்கமான பின்னல், நுனி மடக்கி, எதிர்ப்பக்கமாக.

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனான். அன்று நான் என் கண்ணால் பார்த்தேனே. இல்லையே. இல்லவே இல்லையே.

எழுந்து போயிருக்கலாம். நட்டில் கம்பி இருந்தால் யார் மேலும் குற்றமில்லை, அவன் கையெழுத்தும் பிழைத்தது. கதவைத் திறந்து வெளியே போய் மொக்கச்சாமியோடு உட்கார்ந்து ஒரு பீடி பிடித்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு நாளைக் காலை கண்முன் வந்தது. அதிகாரி குனிந்து பார்ப்பார். என்ன சுத்தமான வேலை, யார் இந்த மெக்கானிக் என்பார். பேப்பரில் போடுவார்கள். ஏற்கெனவே அவன் சாவுக்குப் போடி பஜாரே கடையடைத்தது. புஷ்பலதா கைக்குழந்தையோடு மண்ணில் புரண்டு அழுத அழுகை இருக்கிறதே, அப்படி ஒருத்தி தனக்காக அழமாட்டாளா என்று சவக்குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு இவனுக்கு வயிறு எரிந்தது. இனிமேல் ஆயுசுக்கும் அவள் தலை நிமிர்ந்து நடப்பாள். அடப்பாவி, செத்துமா நீ பேர் வாங்குவாய்?

பெட்டியிலிருந்து குறடை எடுத்தான். நறுக். கம்பியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டான். மொட்டை நட்டைப் பார்க்க மனசுக்குள் குளிர்ந்தது.

டார்ச்சை அணைத்து நிமிர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கிர்ரிக். குறடு கம்பியைப் பிடித்து முறுக்குகிற சத்தம். ஆறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு வெறுத்த சத்தம். கிர்ரிக். கிர்ரிக். அவசரமில்லாமல் ஒரு வேலைக்காரன் நிதானமாக முறுக்கினான்.

டார்ச்சை அடித்தான். நட்டில் கம்பி இருந்தது.

நறுக்கினான். பைக்குள் போட்டான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடவை இமைத்தான். கம்பி இருந்தது.

"எவன்டா அது?" என்றான். தட்டுகளுக்குப் பின்னால் மஞ்சு நுழைந்திருந்தது. சன்னல் சாத்தித்தானே இருந்தது. வெளியே ஜீப்பு கிளம்பும் சத்தம் கேட்டது. "அண்ணே, நான் எறங்குறேன், காலையில வெரசா வந்திர்றேன்," என்று சோலை கத்தினான். சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்தது.

மறுபடி நறுக்கினான். கை வேர்த்துக் குறடு வழுக்கியது. வை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டு. போய்விடு. குறடைப் பெட்டியில் போட்டு மூடியை அழுத்தினான். கதவுக்கு ஓடினான்.

கதவுக் கொக்கியில் கம்பி. உள்பக்கத்தில்.

விரலால் பிய்த்தான். நகம் பிளந்தது. குறடு வேண்டும். ஓடி வந்தான். பெட்டியின் கொக்கியில் கம்பி. பெட்டியைத் தரையில் அடித்தான். திறக்கவில்லை. உள்ளே குறடு உருளும் சத்தமும் இல்லை. பெட்டி காலி போல லேசாக இருந்தது.

கிர்ரிக். இன்ஜினுக்கு அந்தப் பக்கம்.

"மொக்கச்சாமி! யோவ் மொக்கச்சாமி!"

கிர்ரிக். இப்போது பக்கத்தில். எண்ணெய் வாசம் மூக்கை அடைத்தது. சட்டைக் கழுத்துப் பித்தான் இறுகியது. தொட்டுப் பார்த்தான். கம்பி.

இன்ஜின் பக்கம் திரும்பினான். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. "தங்கபாண்டி," என்றான். "நான் பாத்தேன்டா. கம்பி இல்லன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒம்மேல எனக்கு அம்புட்டு வயித்தெரிச்சல். நீ ஏறுறதயும் பாத்தேன். கத்தல. நாளைக்கு அவுக வரட்டும், சொல்லிர்றேன். எம்பேர்லயே எழுதச் சொல்றேன். புஷ்பலதா கிட்டயும் சொல்லிர்றேன். விட்ரு மாப்ளே."

சத்தம் நின்றது.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. விட்டுவிட்டான். நல்லவன், அப்போதும் அவன் நல்லவன்தான், அதுதானே பொறுக்கவில்லை. முகத்தைத் துடைக்க வலது கையைத் தூக்கினான்.

கை வரவில்லை.

டார்ச்சை இடது கையால் அடித்தான். மணிக்கட்டில் ஐந்து சுற்று. தோலை வெட்டாமல், விரல் நுழைய இடமும் விடாமல், இரண்டு இழையாக, நுனி மடக்கி. பின்னல் அங்கிருந்து நீண்டு போய் விசிறியின் நடுக் குடத்தில் சுற்றியிருந்தது. சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்ஜினுக்குள் ஏதோ சூடாகத் துளி துளியாக இறங்கியது.

சுருண்ட றெக்கை இரண்டும் பல்சக்கரத்தின் ஒரு பல் அளவு நகர்ந்து நின்றன. கம்பி விறைத்தது. அவன் ஓரடி முன்னால் இழுபட்டான்.

மறுபடி ஒரு பல்.

பிறகு, நிற்காமல்.