இருபத்தெட்டு மூச்சு

வார்டின் கடைசி அறைக்கு டாக்டர் வந்தபோது மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் நிறைய வெயில், அறை முழுக்க பினாயில் வாடை. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெயின்டர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன். வலிக்குக் கொடுத்த அபின் வகை மாத்திரையை விட முடியாமல் கைநிறைய விழுங்கி, கட்டிலுக்கு அடியில் யாரோ மூச்சுவிடுவதாக அலறி, இங்கே வந்து சேர்ந்தவன்.

மாத்திரையை நிறுத்தி இன்றோடு முப்பது நாள். இந்த விஷயத்தில் விதி கறாரானது. ஒரு மாதத்துக்குள் சத்தம் அடங்கினால் எல்லாம் மாத்திரை செய்த வேலை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். அடங்காவிட்டால் அது வேறு நோய், அதற்கு வேறு ஆஸ்பத்திரி. அங்கே போனவன் எப்போது திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே அவன் மனைவி நான்கு வயது மகளோடு பையைக் கட்டி வைத்துக் காத்திருந்தாள். டாக்டருக்கும் அவனை அனுப்பிவிடத்தான் ஆசை.

கேஸ் ஷீட்டைப் புரட்டியவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்ன சிஸ்டர், நிமிஷத்துக்கு இருபத்தெட்டு மூச்சா? முழு நிமிஷம் எண்ணிட்டு, அரை நிமிஷம்னு நெனச்சு ரெண்டால பெருக்கிட்டீங்களா?"

வேலை அவசரத்தில் நர்ஸுகள் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது வழக்கம்தான்.

"பெருக்கவே இல்ல டாக்டர். நெஞ்சப் பாத்து எண்ணினா பதினாலு. கண்ண மூடிக் காதால எண்ணினா இருபத்தெட்டு."

"நல்லா இருக்கு. உங்களுக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவன் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினாள்.

கை ஏறி இறங்கியது. இறங்கிய பிறகும் ஒரு மூச்சு வந்தது.

கீழேயிருந்து.

"இப்பப் பாருங்க," பெயின்டர் கிசுகிசுத்தான். "நான் அடக்கறேன். அது அடக்காது."

அவன் நெஞ்சு அசையாமல் நின்றது.

ஈரமான மூச்சு, இழுத்து இழுத்து, வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தாள். ஒரு ஜோடி செருப்பும் வெறும் தரையும்தான்.

"இத எழுதினா என்னை விடமாட்டாங்க இல்ல?" அவன் கண் கலங்கினான். "எம் பொண்ணோட இருக்கணும் டாக்டர். கேக்கலன்னே எழுதிடுங்க."

எழுதினாள். 'அபின் வகை மாத்திரையால் வந்த மனப்பிறழ்வு. இப்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை.' இருபத்தெட்டை அடித்துப் பதினான்கு என்று திருத்தினாள். என்ன எழவோ, அது இந்த அறையோடு கிடக்கட்டும், அவனாவது பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை அந்தக் காலி அறையில் தனியாக நின்று கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்போது போன் வந்தது. பெயின்டரின் மனைவி. குரலில் சந்தோஷம் பொங்கியது.

"டாக்டரம்மா, அவருக்கு இப்ப எதுவுமே கேக்கலியாம். நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாரு."

"குழந்தை?"

"அவளுக்கென்ன, புதுசா ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சிருக்கா. கட்டில்ல படுத்து மூச்ச அடக்கிக்கிறா. ஏன்டின்னு கேட்டா, அவதான் ஜெயிக்கிறாளாம். கீழ இருக்கறவங்களுக்கு அடக்கவே தெரியலயாம்."