இடது தொட்டியின் முள்

காலை ஆறே முக்காலுக்கு எல்லோரையும் எடை பார்ப்பதில்தான் ஓடுதளத்தின் நாள் தொடங்கும். வேதாரண்யம் தீவாகி இருபத்தொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளை நிறுத்த மேடைத் தராசுதான் இப்போது பயணிகளுக்கு. அன்று மூன்று பேர் ஏறி இறங்கினார்கள். மூவரும் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். கடைசியாக மெக்கானிக் மகிழினி ஏறி நின்றாள். அறுபத்து மூன்று கிலோ. விமானி ரையான் அதையும் குறித்துக்கொண்டான். அவள் எங்கும் போகப்போவதில்லை. போகும்படி ஆகிவிடக் கூடாதே என்று மற்ற மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விமானத்தில் விமானியோடு சேர்த்து நான்கு இருக்கைகள். பேட்டரிகளெல்லாம் மருத்துவமனைகளுக்கும் வெள்ள பம்புகளுக்கும் போய்விட்டதால், இதுபோன்ற பழைய எஞ்சின்கள்தான் பாசி பெட்ரோலில் இன்னும் பறந்துகொண்டிருந்தன. ரையான் சாவியைத் திருப்பினான். வலது தொட்டியின் முள் பாதிக்கு ஏறி நின்றது. இடது தொட்டியின் முள் இரண்டு முறை துள்ளிவிட்டுக் காலிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் மகிழினியைக் கூப்பிடவில்லை, கையை மட்டும் ஆட்டினான். கூப்பிட்டால் மூவருக்கும் கேட்கும்.

அவள் ஏணியைச் சாய்த்து ஏறி, இறக்கை மேலிருந்த மூடியைத் திறந்து அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு லிட்டர் இருந்தது. முப்பத்தைந்து நிமிடப் பயணத்துக்கு அதில் பாதியே போதும். ஆனால் எண்ணெய் அளவு காட்டி தப்பாகக் காட்டும் விமானம் தரையை விட்டு எழக் கூடாது. அது பழைய சட்டம், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

புதிய சட்டத்துக்கு உடன்பறப்பு விதி என்று பெயர். பழுது பார்த்த மெக்கானிக் பதிவுப்பலகையில் கட்டைவிரலை வைக்க வேண்டும். வைத்ததும் பின் இருக்கைகளில் ஒன்றின் பெல்ட் பூட்டிக்கொள்ளும். அதே விரலுக்குத்தான் திறக்கும். சரிசெய்த விமானத்தின் முதல் பயணத்தில் சரிசெய்தவர் உட்கார்ந்தாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஒருவரால் நான்கு பேர் கடலில் விழுந்து இறந்த பிறகு வந்த சட்டம் அது. எல்லோரும் வரவேற்றார்கள், மகிழினியும்தான். முதல் இரண்டு ஆண்டுகள் விபத்துகள் குறைந்தன. பிறகு பதிவாகும் பழுதுகள் குறைந்தன, விபத்துகளைவிட வேகமாக. அரசு அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு பதிவும் யாரோ ஒரு நோயாளியை ஓடுதளத்திலேயே நிறுத்திவிடுகிறது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.

அன்றைய பட்டியலில் கடைசிப் பெயர் கவின். வயது அறுபத்தொன்று, உப்பளத்தில் வேலை பார்த்தவர். போன முறை மகிழினி ஒரு வால்வைச் சரிசெய்து பதிவு செய்ததில் அவர்தான் நின்றுபோனார். இப்போது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இன்னொரு முறை தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று தீவு டாக்டர் அவளிடமே சொல்லியிருந்தார்.

அவர் மெல்ல நடந்து ஏணிக்குக் கீழே வந்தார்.

"கேஜா, தங்கச்சி?"

"கேஜ்தாண்ணே."

"எண்ண இருக்குறப்பவே காலின்னு காட்டுதாக்கும். எனக்கு அந்தக் கவலயே இல்ல. ரெண்டு கால்லயும் தண்ணி எப்பவும் ஃபுல்லு."

அவள் சிரிக்க முயன்றாள். அவர் திரும்பிப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

எட்டரைக்கு அலை ஏறினால் ஓடுதளத்தின் பாதி தண்ணீருக்குள் போய்விடும். அப்போது மணி ஏழு பத்து. தொட்டிக்குள் இருக்கும் மிதவையிலிருந்து வரும் வயரைக் கழற்றி, விமான உடம்பில் தொட்டாள். உள்ளேயிருந்த ரையான், முள் முழுசுக்கு ஏறிவிட்டதாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆக, காட்டியிலும் குறையில்லை, வயரிலும் குறையில்லை. மல்டிமீட்டரை எடுத்து மிதவைக்கும் உடம்புக்கும் நடுவில் வைத்தாள். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் இருநூறுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. எர்த் போய்விட்டது.

இறக்கையின் அடிமூடியைத் திறந்தாள். எர்த் வயரில் நான்கு சிவப்பு நூல்கள் கட்டியிருந்தன.

பதிவு செய்யாமல் பழுது பார்ப்பவர்கள் அந்த வயரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போவார்கள், அடுத்து வருகிறவர் கவனமாக இருக்கட்டும் என்று. யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கடற்கரையோரம் பறக்கும் ஏழு விமானங்களிலும் அது உண்டு.

போல்ட்டின் வெளிப்பக்கம் பளபளப்பாகத்தான் இருந்தது. கழற்றியபோதுதான் தெரிந்தது. ஒரு நூலின் வால், வயர் முனையிலிருந்த வளையத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. பருத்தி உப்புக் காற்றைக் குடித்துக் குடித்து, அடியில் பச்சையாகக் களிம்பு படர்ந்திருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்ட வெட்டிய முடிச்சு. போன மழைக்காலத்தில் அவளே போட்டது.

அவளுக்குத் தன்மேல் எரிச்சல்கூட வரவில்லை. பிறகு உப்புத்தாளால் களிம்பைத் தேய்த்து எடுத்தாள், போல்ட்டை இறுக்கினாள், மீட்டரில் பூஜ்யம் பார்த்தாள். இடது முள் பாதிக்கு ஏறி அசையாமல் நின்றது. வலது பக்கத்தையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அங்கேயும் நூல் உண்டு. திறந்து மூட ஒரு மணி நேரமாகும், அலை காத்திருக்காது. இரண்டு தொட்டியிலும் எண்ணெய் இருப்பதைக் குச்சியால் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பதிவுப்பலகை அவள் கையில் இருந்தது. ரையான் இறங்கி வந்து, எதிர்த் திசையில் பார்த்தபடி, "நான் எதையும் பாக்கல அக்கா," என்றான்.

அவள் பலகையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூவரும் ஏறினார்கள். கவினை ரையான் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இந்த முறை அவள் நூல் எதுவும் கட்டவில்லை.

தஞ்சாவூரிலிருந்து அழைப்பு வந்தபோது மணி பதினொன்றரை. உரையாடல் பதிவாகிறது என்று முதலில் இயந்திரக் குரல் சொன்னது. பிறகு அங்கே மெக்கானிக்காக இருக்கும் இனியன் பேசினான். மூவரையும் வண்டி வந்து கூட்டிப்போய்விட்டதாகவும், கவினுக்கு ஒன்பதரைக்கே ஊசி ஏற்றிவிட்டதாகவும் சொன்னான். அப்புறம் விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"கெளம்புறதுக்கு முன்னாடி ஏதும் வேல பாத்தீங்களா அக்கா?"

"இல்ல."

பல ஆண்டுப் பழக்கம். யோசிக்கும் முன்பே நாக்கு சொல்லிவிட்டிருந்தது.

வரும் வழியில் வலது முள் விழுந்துவிட்டது என்றான் இனியன். மூன்று மணி நேரமாகத் தேடியும் எதுவும் பிடிபடவில்லை. காட்டியும் வயரும் சரியாக இருக்கின்றன. எர்த் போல்ட் புதுசு போல இருப்பதால் அதைத் தொடவில்லை. மிதவைதான் போயிருக்க வேண்டும். தொட்டியை வடித்து இறக்கிவிடப் போகிறான். இரண்டு நாளாகும். நோயாளிகள் அதுவரை அங்கேயே இருந்துகொள்ளட்டும். வியாழக்கிழமைப் பயணம் நடக்காது.

வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்த மூன்று பெயர்களும் அவளுக்குத் தெரியும். மீதி ஆறு விமானங்களிலும் அடியில் யார் யார் முடிச்சுகள் இருக்கும் என்பதும் ஏறக்குறைய தெரியும். அந்த போல்ட்டுகளும் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், எப்படிக் கண்டுபிடித்தாள் என்றும் சொல்லியாக வேண்டும். மூன்று பயணிகளும் போய் இறங்கியதற்கு, அதாவது விதிப்படி அவள் உட்கார வேண்டிய இருக்கையில் அவள் இல்லை என்பதற்கு, மருத்துவமனையில் சாட்சி இருக்கிறது. உரிமம் போய்விடும். தீவில் வேறு மெக்கானிக் கிடையாது.

"இனியா, தொட்டிய எறக்காத. எர்த் போல்ட்டக் கழட்டு. வளையத்துக்கு அடியில நூல் மாட்டியிருக்கும், செவப்பு நூல். அதுதான் உப்ப இழுத்து எர்த்தக் கெடுக்குது. காலையில இடது பக்கத்துல அதத்தான் எடுத்தேன். மத்த வண்டியெல்லாத்துலயும் பாக்கச் சொல்லு."



"அக்கா," என்றான் இனியன், குரலைத் தாழ்த்தி. "இது பதிவாகுற லைன்."

"தெரியும். அதனாலதான் இதுல சொல்றேன். நீ கேக்க வேண்டியதக் கேளு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினீர்கள் என்று படிவத்தைப் பார்த்துப் படிப்பவனைப் போலக் கேட்டான். ஏழு பத்து என்று அவள் ஆரம்பித்தாள்.