பதினோரு டிகிரி

காரின் முன் சீட்டில் இருந்த பெண், கேட்பதற்கு முன்பே முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். மலைப்பாதைச் சோதனைச் சாவடியின் காவல்காரி காய்ச்சல் கருவியை நீட்டி அமுக்கினாள். பதினொன்று. பின் சீட்டில் இருந்த மூவருக்கும் அதே பதினொன்று.

"சனியன், மறுபடியும் மக்கர் பண்ணுது" என்று கருவியை உள்ளங்கையில் தட்டினாள்.

நோய் பரவிய நாள் முதலாய்க் கீழே நகரங்கள் காலியாகி, மெத்தை, மிக்ஸி, மீன்தொட்டி சகிதம் சனங்கள் மலையேறிக்கொண்டே இருந்தார்கள். முப்பத்தெட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்பு. குறைத்துக் காட்டினால் குளிரில் கருவி செய்யும் கோளாறு, விட்டுவிடு. மேலிடத்து உத்தரவு அவ்வளவுதான். மூன்று வாரமாக அவளும் விட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரர்கள் அழுதார்கள், காலில் விழுந்தார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். குறைந்த எண்காரர்கள் வாயே திறந்ததில்லை. தங்கமான மனிதர்கள் என்று நினைத்து, அதில் ஒரு குடும்பத்தை, சாவடிக்குச் சற்று மேலே இருந்த தன் அக்கா வீட்டுப் பின்னறைக்கு அவளே வாடகைக்கு அனுப்பியும் வைத்தாள். அவளுடைய ஆறு வயது மகளும் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

பகல் இரண்டு மணிக்கே மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. ஈர மண் வாடைக்கு அடியில், பல நாள் மூடிக் கிடந்த அறையின் வாடை காருக்குள்ளிருந்து மெல்ல வந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் வாயிலிருந்து புகை எழுந்தது. காரில் இருந்த நால்வருக்கும் எழவில்லை.

போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, நீ அனுப்பின குடும்பம் நாலு நாளா அடுப்பே பத்த வைக்கல. ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, ரூம் என்னவோ ஐஸ் மாதிரி கெடக்கு."

"பாப்பா எங்கக்கா?"

"அவங்ககூடதான். கூப்பிட்டா வரமாட்டேங்கிறா."

"அக்கா, இப்பவே அவளை வெளிய இழு. இழு அக்கா!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போன் மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

கருவியைத் தன் நெற்றியில் வைத்தாள். முப்பத்தாறு. சாவடிச் சுவரில் வைத்தாள். பதினொன்று. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. கோபம் வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்த கோபம்.

தடுப்புக் கம்பத்தை இழுத்து இறக்கினாள். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

"திரும்பிப் போங்க! இனிமே யாரா இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் மேல போகணும்!"

யாரும் திரும்பவில்லை. காருக்குப் பின்னால் நின்ற வண்டிகளின் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கதவுகள் திறந்தன. பனிக்குள் காலடிகள். அவசரமே இல்லாத காலடிகள். வீட்டுக்கு ஓடவேண்டும் என்று கால்கள் துடித்தன. ஓடினால் கம்பத்தைத் திறந்துவிடுவார்கள். கயிற்றைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது முதுகுப்பக்கமும் காலடி கேட்டது.

மேலேயிருந்து.

சின்னக் காலடி.

திரும்பினாள். மகள். செருப்பில்லை. ஸ்வெட்டர் இல்லை. பின்னறைக் குடும்பத்துப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள். பெண்ணின் மறுகையில் அக்காவின் போன் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.

கயிற்றை விடாமலே எட்டி மகளைப் பிடுங்கினாள். தன் ஸ்வெட்டருக்குள் திணித்து நெஞ்சோடு அணைத்தாள். குளிர் எலும்பு வரை இறங்கியது.

"இவளைத் தரமாட்டேன். கேக்குதா? தரவே மாட்டேன்!"

தா என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கும் மூச்சில் புகையில்லை. கம்பத்துக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் ஒரே நேரத்தில் முடியை ஒதுக்கி நெற்றியை நீட்டினார்கள்.

ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது.

அதுவும் முடியை ஒதுக்கியது.