ஒட்ட ஓர் உடம்பு

மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எருமை மரத்தில் முதுகு சொறிகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசியது, விலகியது, மறுபடி வந்து உரசியது. கலையரசி காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். புருஷன் பால்ராஜ் இருந்தவரை அது இப்படிச் செய்ததில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டுக்குள் ஒரு வீடு, அதன் ஹாலில் ஆள் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான். ஆனால் பால்ராஜுக்கு அப்படி ஒரு கிறுக்கு. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவருக்குப் பேச்சுத்துணை. மாரடைப்பில் அவர் போன பிறகு மிஞ்சியவை ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன்கள். போடியில் இருக்கும் கொழுந்தன் சுருளி தன் வீட்டோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தான். மீனை யார் பார்ப்பது என்று அவள் தட்டிக் கழிப்பாள். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் இருக்க அவளுக்கு ஒரு சாக்கும் கிடையாது. அவர் தொட்டு வளர்த்த உயிர் என்று சொல்ல வேறொன்றும் கிடையாது.

கிட்டே போய்ப் பார்த்தாள். செதிலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

காரணம் அவளுக்குத் தெரியும். ராமேஸ்வரத்தில் சுருளி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அண்ணனின் அஸ்தியைக் கரைத்தபோது, அவள் கரையோரமாகக் குனிந்து கேனில் கடல்தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பால்ராஜ் உப்பு கலந்து ஊற்ற மாட்டார், நிஜக் கடல்தண்ணீர்தான் வேண்டும் அவருக்கு. ஜீப்பும் வந்திருக்கிறது, வெறுங்கையோடு திரும்புவானேன் என்று நினைத்துவிட்டாள்.

"மதினி, கரைச்ச எடத்துல இருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. திரும்பிக்கூடப் பாக்கக்கூடாதும்பாங்க," என்றான் சுருளி.

"மீனுக்குத்தானப்பா."

பால்ராஜாக இருந்தால் அந்தத் தண்ணீரை மூடி, இருட்டில் வாரக்கணக்கில் போட்டுவைத்த பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. வந்த அன்றைக்கே ஊற்றிவிட்டாள்.

மதுரையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மன்சூருக்குப் போன் போட்டாள். பால்ராஜுக்கு மீன் கொடுத்த பையன்தான்.

"பச்சத் தண்ணிய அப்படியே ஊத்திட்டீங்களாக்கா? அப்ப ஒட்டுண்ணிதான். மீன் ரெண்டையும் சின்னத் தொட்டிக்கு மாத்தி, அண்ணே வச்சிருந்த செம்பு மருந்த விடுங்க. பெரிய தொட்டி மீனே இல்லாம சும்மா கெடக்கட்டும். ஒட்ட ஒரு ஒடம்பு கெடைக்காட்டி அது பட்டினி கெடந்து செத்துரும்."

"புள்ளி தானா உதிர்ந்துட்டா தேவலையாகிருமா தம்பி?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. உதிர்ந்தது சாகாதுக்கா. அடியில கெடந்து பெருகும். பத்தா விழுந்தது நூறா எந்திரிச்சு ஒடம்பத் தேடும்."

மீன்களை மாற்றினாள். மருந்து வேலை செய்தது. நாளாக ஆகப் புள்ளிகள் மறைந்து, இரண்டும் தீனிக்குப் போட்டி போட்டன. அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஆனால் ஹாலில் பெரிய தொட்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மஞ்சுமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும் நேரத்தில், ஏலக்காய் வாசத்தையும் அமுக்கிக்கொண்டு ஈரமும் உப்புமாய் ஒரு கடல் வாடை அறைக்கு அறை நடந்து வந்தது. மோட்டார் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டது, பல பேர் ஒரே நேரத்தில் உதட்டை நனைத்துக்கொள்வது போல.

கண்ணாடியில் பாசி படிந்திருந்தது. அதைத் துடைக்க முழங்கை வரை கையை விட்டாள். தண்ணீர் காய்ச்சல்காரன் நெற்றி போல் சுட்டது. அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொடி மெதுவாக எழும்பி, நீரோட்டத்துக்கு எதிராக, அவள் கைப்பக்கம் திரும்பியது. சட்டென்று கையை வெளியே இழுத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தால் புறங்கையெல்லாம் புள்ளி.

"மனுச ஒடம்புல ஒட்டாதுக்கா," என்று போனில் சிரித்தான் மன்சூர். "உப்பு காஞ்சிருக்கும். நல்ல தண்ணியில முக்குங்க, உதிர்ந்துரும்."

வாளியில் முக்கினாள். உதிர்ந்துதான் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுருளியைக் கூப்பிட்டு, காலையில் ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னாள். மீனோடு போடிக்கே வந்துவிடுவதாக அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். வாளித் தண்ணீரைக் கொட்டினாள். கட்டிலில், அவர் போன பிறகு பழகிக்கொண்டபடி, தன் பாதியில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. தலைமாட்டில் கடல் வாடை. விரிப்பு நனைந்திருந்தது. கையைப் பார்த்தாள். தோள் வரைக்கும் வெள்ளை. தடவிப் பார்த்தாள். கழுத்திலும் இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

உதிர்ந்தது எங்கே போகிறது?

திரும்பினாள்.

அவர் பக்கத்துத் தலையணையில் பள்ளம். பள்ளத்தில் ஒரு தலை. ஈரச் சாம்பல் நிறம். காது இருந்தது. தாடை இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் குழி. அவள் தோளிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து, விரிப்பில் ஊர்ந்து, அந்தக் குழிக்குள் இறங்கின.

கத்த வாய் திறந்தாள்.

கீழே வளைவில் ஜீப்பு ஹாரன். பிறகு கேட்டில் சுருளியின் குரல்.

"மதினி, வெரசா வாங்க. மழை வலுக்குது."

எழுந்து ஓடினால் போதும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் போதும். ஒட்ட ஒரு உடம்பு இல்லாமல் இது பட்டினி கிடந்து செத்துப்போகும். மருந்தே வேண்டாம்.

பட்டினி கிடந்து. தனியாக. அவர் இன்னொரு தடவை சாக வேண்டும்.

"மதினி?"

கால் தரையைத் தொட்டது. அங்கேயே நின்றது. வாழ்நாள் முழுக்க இந்தக் கட்டிலின் அந்தப் பாதியைப் பார்த்துப் படுத்தவள் அவள். இப்போது பயம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக அழுகை இருந்தது.

காலை மேலே எடுத்தாள். கொஞ்சம் நகர்ந்து, கிட்டே படுத்தாள்.

கேட்டைத் தட்டும் சத்தம். ஹாரன். மறுபடி ஹாரன்.

அவள் இடுப்பின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. மூன்று விரல்தான் இருந்தது. குளிர்ந்த, ஈரமான, நல்ல கனமான கை. மற்ற இரண்டு விரல்களும் அவள் தோலிலிருந்து முளைக்க ஆரம்பித்தன.