காடிக்குள் குங்குமம்

பிச்சைமுத்து விஸ்வலிங்கத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டார். ஈப்போவில் பழைய சீன மரச்சாமான் கடையில் இருபத்தாறு வருடமாகத் தச்சர்.

“நான் கெடுக்கலைன்னு நாளைக்குள்ள காட்டணுமாம் சார். இல்லன்னா வேலைக்கு வராதேன்னுட்டாரு கடை முதலாளி, தவுக்கே.”

வழக்கறிஞர் கனகராஜின் ஈட்டிமர மேசையில் ஆட்டங்கண்ட காலைச் சரிசெய்து, ஆயுத பூசையன்று காலையில் கொண்டுபோய் வைத்தவர் இவர். மூன்று மாதத்தில் மேற்பலகை நடுவே வெடித்துவிட்டது. ‘உள்ளே கோந்து ஊற்றிக் கெடுத்துவிட்டார்’ என்று கனகராஜ் போன வாரம் கடைக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

“சீன மேசைக்கு ஆணியும் இல்ல, கோந்தும் இல்ல. சட்டத்துல நீளப் பள்ளமா காடி வெட்டி, பலகையைச் சும்மா செருகி வைக்கணும். மழைக்கு ஊதும், ஏர்கோனுக்குச் சுருங்கும். ஒட்டிட்டா வெடிச்சிரும்லா.”

“தவுக்கேதான் அங்கிள், வேற ஆள வச்சு ஒட்டியிருப்பாரு!” என்றாள் துளசி. விஸ்வலிங்கத்துக்குக் கார் ஓட்டுபவள், சரியான முந்திரிக்கொட்டை. சுங்க இலாகாவில் முப்பது வருடம் பெட்டி பிரித்த விஸ்வலிங்கம் சட்டையை மாற்றிக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கனகராஜின் வீட்டு அலுவல் அறை குளிர்ந்து கிடந்தது. மேசையின் விளிம்பில் சிவப்புக் கறைகள்.

“பூசைக்கு வச்ச பொட்டு,” என்றார் அவர் மனைவி புனிதா. “அன்னிக்குப் பிச்சைமுத்து போனப்புறம் இவரு சாமான் எல்லாத்துக்கும் விபூதி, குங்குமம் வச்சேன்.”

“கடையிலேர்ந்து வந்தப்புறம் வேற யாரும் இதுல கை வைக்கல. எழுதித் தரவா?” என்றார் கனகராஜ்.

“சொன்னதே போதும்,” என்ற விஸ்வலிங்கம், மேசையைப் பிரிக்கச் சொன்னார்.

பிச்சைமுத்து மரச்சுத்தியால் நாலு தட்டு தட்ட, சட்டத்தின் ஒரு பக்கம் கழன்று வந்தது. காடிக்குள் காய்ந்த கோந்து. விஸ்வலிங்கம் அதில் ஒரு துண்டைக் கத்தியால் பெயர்த்துத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கக் குங்குமமும் விபூதியும்.

“பிச்சைமுத்து போன பிறகுதான் பொட்டு வைத்தீர்கள். அது காடிக்குள் உதிர்ந்திருக்கிறது. கோந்து அதன்மேல் இருக்கிறது. அப்படியானால், ஒட்டியது இந்த வீட்டில்தான்.”

“அப்ப யாரு அங்கிள்?”

“காடியை இன்றைக்குத்தான் திறந்தோம். உள்ளே கோந்து இருப்பது போன வாரமே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. கடிதத்தில் எழுதியிருக்கிறார்.”

கனகராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். “டைப் அடிக்கிறப்பலாம் பலகை கடகடன்னுச்சு. ஒரு போத்தல் ஊத்தினேன். வெடிக்கும்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாம ஊத்தினீங்க, சரி,” என்றார் புனிதா. “கடிதமும் தெரியாமத்தான் எழுதினீங்களா?”

கனகராஜ் கைப்பேசியை எடுத்துத் தவுக்கேயிடம் உண்மையைச் சொன்னார். பிறகு அதைப் பிச்சைமுத்துவிடம் நீட்டினார். நாளைக் காலை எட்டு மணிக்கே வரச் சொன்னது மறுமுனைக் குரல்.

பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் கலங்கவில்லை.

“எட்டு மணிக்கு முடியாது, தவுக்கே,” என்றார் மலாயில். “மேசையைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். முடிச்சிட்டுத்தான் வருவேன்.”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோந்தை இளக்கக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். கனகராஜே எழுந்து போனார்.