சதுரங்கப்பட்டினத்துச் சுருள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, மாசி மாதம். காலை பத்து மணி வாக்கில் சுந்தரவல்லி சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பின் வழியே கடற்கரைப் பங்களாவுக்கு நடந்தாள்.

செங்கற்பட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகள் அவள். சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். இடைக்கால ஐரோப்பாவிலும், பிரபுக்கள் ஆண்ட பழைய ஜப்பானிலும் ஓவியர்கள் சாவை எப்படித் தீட்டினார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பங்குனிக்குள் எழுதி முடிக்காவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

பங்களா, செத்துப்போன ஒரு வெள்ளைக்கார டாக்டருடையது. அவர் ஊர் ஊராகச் சேர்த்து வைத்த படங்களை, சமையல்காரராக இருந்த சுலைமானும் அவர் மனைவி சைதூனும் பார்த்துக்கொண்டார்கள். சீமையில் இருந்த டாக்டரின் தங்கைக்கு இரண்டு தடவை கடிதம் எழுதி சுந்தரவல்லி அனுமதி வாங்கியிருந்தாள்.

சுலைமான் கதவைத் திறந்துவிட்டார்.

"சப்பான் சுருளு மாடில கீது. சீமைப் படம் கீழ் ரூம்ல கீது. துரை அப்படித்தான் வச்சிருந்தாரு."

"ஏன் தனித்தனியா?"

"நான் கேட்டதில்லம்மா."

அவருக்குத் திருக்கழுக்குன்றத்தில் வேலை இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாடி அறையில் உப்புக் காற்றுக்குப் பயந்து சன்னல்களை அடைத்திருந்தார்கள். சுந்தரவல்லி ஒன்றைத் திறந்தாள். வெளிச்சமும் அலைச் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தன. நீண்ட மேஜையின் மேல் சுருளை மெல்ல விரித்தாள்.

ஒன்பது படங்கள். முதலாவதில், பாதம் வரை கூந்தல் தொங்க, பாயில் உட்கார்ந்திருக்கும் ஓர் அரண்மனைப் பெண். இரண்டாவதில் அவள் செத்துக் கிடந்தாள். மூன்றாவதில் உடம்பு ஊதியிருந்தது. பிறகு தோல் வெடித்து, நீர் கசிந்து, நாயும் காக்கையும் இழுத்து, எலும்பாகி, எலும்பும் சிதறி, ஒன்பதாவதில் புல் முளைத்த வெறும் மண்மேடு. பெண்ணாசை அறுவதற்காகப் புத்த பிக்குகள் இதைப் பார்த்துத் தியானம் செய்வார்களாம். அவள் புத்தகத்தில் படித்திருந்தாள்.

சீமைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பிட்டு எழுத முடியும். கீழே போய் அதை எடுத்து வந்தாள். ஏதோ ஒரு சிற்றூரின் மாதா கோயில் சுவரில் இருந்ததைப் பார்த்து எழுதிய நகல் அது. ராஜா, பாதிரியார், வியாபாரி, உழவன், குழந்தை என்று பத்துப் பேர். ஒவ்வொருவர் கையையும் ஒரு பிணம் பிடித்துக்கொண்டு ஆடியது. சுருளுக்குக் கீழே அதை விரித்து, நோட்டில் குறித்துக்கொண்டாள்: உருவங்கள் இருபது.

மத்தியானம் கீழே இறங்கி, கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டாள். திரும்பி வந்து பேனாவைத் திறந்தவள் மறுபடி எண்ணினாள்.

இருபத்தொன்று.

வரிசையின் கடைசியில், குழந்தைக்கு அப்பால், யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கூந்தல் பாதம் வரை தொங்கியது. ஒரு கை, பக்கத்தில் எதுவும் தீட்டாமல் விட்டிருந்த இடத்தை நோக்கி நீண்டிருந்தது.

சுந்தரவல்லி மேலே இருந்த சுருளைப் பார்த்தாள். முதல் படத்தில் பாய் மட்டும் இருந்தது.

சன்னல் திறந்தேதான் இருந்தது. அலைச் சத்தம் மட்டும் இல்லை. நனைந்த வைக்கோலும், அதற்கடியில் அழுகிய பழமும் கிடந்தாற்போல ஒரு வாடை எழுந்தது. இரண்டையும் சுருட்டி வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று வலது கையை நீட்டினாள்.

தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய இடது கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

மெத்தென்ற, சூடான, பெண்ணின் கை.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

அந்தக் கை சில்லிட்டது. இரண்டு.

விரல்கள் தடித்து, அவள் விரல்களுக்கு நடுவே பிதுங்கின. மூன்று.

உள்ளங்கையில் தோல் வழுக்கி நகர்ந்தது. நான்கு.

மணிக்கட்டின் வழியே வெதுவெதுப்பாக ஏதோ ஒழுகி, புடவைக் கரையில் சொட்டியது. ஐந்து.

அந்தக் கையைப் பின்னாலிருந்து எதுவோ வெடுக் வெடுக்கென்று பிடுங்கியது. நாய் எலும்பைப் பிடுங்குவது போல. ஆனாலும் பிடி விடவில்லை. ஆறு.

பிறகு எலும்பு மட்டும். ஏழு.

அதுவும் கணுக் கணுவாகக் கழன்றது. கழன்ற துண்டுகள் கீழே விழாமல் அவள் கையையே சுற்றி இறுக்கின. எட்டு.

ஒன்பதாவது வெறும் மண்மேடு. மேட்டுக்கு அடியில் யார் இருக்கப் போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இன்னாம்மா, டீ ஆறிப்போவுது," என்றபடி சைதூன் படியேறி வந்தாள்.

வாசற்படியில் நின்றாள். சுந்தரவல்லியைப் பார்த்தாள், அவளுக்கு இடப்பக்கம் பார்த்தாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு மேஜைக்கு வந்து, கீழே இருந்த சீமைப் படத்தை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள்.

கை விடுபட்டது. அலைச் சத்தம் திரும்பி வந்தது.

பஸ் வரும்வரை இருவரும் ரோட்டோரம் நின்றார்கள். சைதூன் அவள் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியும் சூடு ஏறவில்லை.

"நீங்க பார்த்தீங்களா?" என்று சுந்தரவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"பார்த்தேன்."

"என்ன பண்ணிண்டிருந்தா?"

"உங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தா. வேற ஒண்ணும் கேக்காதீங்க. இந்தாண்ட இனிமே வராதீங்க."

சுந்தரவல்லி வரவில்லை. விஷயத்தை மாற்றிக்கொண்டு, இரவு பகலாக உட்கார்ந்து, மாமல்லபுரத்து யானைகளைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். பங்குனிக்குள் முடிந்தும் விட்டது. அப்பா சந்தோஷப்பட்டார். அவளும் நன்றாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள்.

சித்திரையில், வகுப்புப் பிரியும் நாளன்று, கல்லூரி மரத்தடியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். பின்வரிசையில் ஏழு பெண்கள். சுந்தரவல்லி உயரம் என்பதால் இடது ஓரத்தில் கடைசி ஆளாக நின்றாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"ஓரத்துல நிக்கிற அம்மா, பக்கத்துப் பொண்ணு மூஞ்சியவே பாத்தா எப்படி? காமிராவப் பாருங்க."

சுந்தரவல்லி காமிராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள இல்லம்மா," என்றார் அவர், துணிக்குள்ளிருந்தே. "உங்களுக்கு அந்தாண்ட நிக்கிறவங்கள."